படம் கெடக்கட்டும்... சத்தம் எங்கட்டி?

"ஏட்டி, தாத்தா பேசுத கேசட்டு இருக்குல்லா... அதை டிவியில போட முடியுமாட்டி?"

பொங்கல் லீவுக்கு அம்பாசமுத்திரம் போய் இறங்கி, தோளில் இருந்து பையைக்கூட கழற்றவில்லை. வாசலிலேயே ஆச்சி கேட்ட கேள்வி இது. நான் யாரு? மூணாம் வருஷ இ.சி.இ.! வீட்டில் மிக்ஸி ஓடலைன்னாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. "அஞ்சு நிமிஷ மேட்டர் ஆச்சி"ன்னு கெத்தா சொல்லிட்டு உள்ளே போனேன்.

அந்த அஞ்சு நிமிஷம், சரியா நாலு நாள் ஓடிச்சு மக்களே!

முதல்ல, ஆச்சி சொன்னது கேசட் இல்லை. அவங்களுக்கு படம் காட்டுற எல்லாமே கேசட்தான். அது ஒரு டி.வி.டி. 2008-ல் தாத்தாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தப்போ ஸ்டுடியோக்காரர் எடுத்துக் கொடுத்தது. ஒரு மணி 52 நிமிஷம். அந்தக் காலத்து விசேஷ வீடியோ எப்படி இருக்கும்னு தெரியும்ல? தாமரைப் பூ ஒண்ணு விரியும். அதுக்குள்ள தாத்தாவும் ஆச்சியும் சுத்திச் சுத்தி வருவாங்க. ஆர்ட்டின் பறக்கும். மேலே சினிமாப் பாட்டு. முகூர்த்தத்துல இருந்து பந்தி வரைக்கும் பாட்டு, பாட்டு, பாட்டு... நிஜமான சத்தம் எதையும் எடிட்டர் விட்டு வைக்கலை.

ஒரே ஒரு இடத்தைத் தவிர. கடைசிப் பந்தி நேரத்துல தாத்தா மைக் பிடிச்சுப் பேசுறார். மொத்தம் 47 விநாடி. தாத்தா 2019-ல் இறந்துட்டார். நாங்க தேடிப் பார்த்தவரைக்கும் அவர் குரல்னு எங்க வீட்டில் இருக்கிறது அந்த 47 விநாடி மட்டும்தான்.

டி.வி.டி. பிளேயர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. லென்ஸ் போயிடுச்சு, ஸ்பேர் கிடைக்கலைன்னு கடையில கையை விரிச்சுட்டாங்க. லேப்டாப்ல போட்டுக் காட்டலாம்னா ஆச்சிக்கு கண்ணுல புரை ஆபரேஷன் ஆகியிருக்கு, சின்ன ஸ்க்ரீன் ஆகாது. எங்க டிவியோ பழசு. அதோட யூ.எஸ்.பி. துளையில போட்டோவும் பாட்டும் மட்டும்தான் ஓடும். மிச்சம் இருந்தது மாமா எப்பவோ வாங்கிக் கொடுத்த குரோம்காஸ்ட். டிவி பின்னாடி செருகி வைக்கிற குட்டி சாதனம். 2013-ல் அமெரிக்காவில் 35 டாலருக்கு வந்தது. 2024-ல் கூகுள் தயாரிப்பை நிறுத்திடுச்சு, ஆனா எங்க வீட்டுல இருக்கிறது இன்னும் ஓடுது. அம்மா போன்ல ஃபைலைப் போட்டுட்டா, வைஃபை வழியா டிவிக்குத் தள்ளிடலாம். நான் ஹாஸ்டலுக்குப் போன பிறகும் ஆச்சி எப்ப வேணும்னாலும் பார்க்கலாம். பிளான் சூப்பர்ல?

பக்கத்துத் தெரு அண்ணன்கிட்ட டி.வி.டி. டிரைவ் கடன் வாங்கினேன். தட்டு முழுக்கக் கீறல். 'கிர்ர்... கிர்ர்...'னு ஒன்றரை மணி நேரம் முனகி, ஒருவழியா உள்ளே இருந்ததைக் கொட்டிச்சு. பார்த்தா அஞ்சு ஃபைல். எல்லாத்துக்கும் வால்ல 'வி.ஓ.பி.'ன்னு போட்டிருக்கு. டி.வி.டி.யில ஒரு ஃபைல் ஒரு ஜி.பி.க்கு மேல போகக்கூடாதுங்கிறதால துண்டு துண்டா வெட்டி வெச்சிருப்பாங்க. மொத்தம் நாலு ஜி.பி.க்கு மேல.

ஹாஸ்டல் ரூம்மேட்டுக்கு போன் போட்டேன். "அட மக்கு! வி.ஓ.பி.ன்னு இருக்கிறதை எம்.பி.4-ன்னு பேர் மாத்து, ஓடும்"னா. மாத்தினேன். குரோம்காஸ்ட் சட்டை பண்ணவே இல்லை. ஙே!

லேபிள் மாத்தினா சாம்பார் ரசமாகுமா?

இங்கதான் கொஞ்சம் பாடம். பயப்படாதீங்க, இன்டர்னல்ல கேட்க மாட்டாங்க.

வீடியோ ஃபைல்ங்கிறது ஒரு டிபன் கேரியர். எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ., வி.ஓ.பி. எல்லாம் கேரியரோட பேர்தான். உள்ளே தனித்தனி அடுக்கு. ஒரு அடுக்கில் படம், இன்னொரு அடுக்கில் சத்தம். அந்தப் படத்தையும் சத்தத்தையும் எந்த முறையில சுருக்கி வெச்சிருக்காங்களோ, அதுக்குப் பேர்தான் கோடெக். அதாவது சமையல்! கேரியர் மேல ஒட்டின லேபிளை மாத்தினா உள்ள இருக்கிற சாம்பார் ரசமாகாது.

டி.வி.டி.க்குள்ள இருக்கிற படம் எம்பெக்-2. அது 1990-களோட சமையல். சத்தம் பெரும்பாலும் ஏ.சி.3, டால்பிக்காரங்களோடது. குரோம்காஸ்ட் சாப்பிடுறது வேற. படம்னா 2003-ல் தரமாக்கப்பட்ட ஹெச்.264 அல்லது வி.பி.8. சத்தம்னா ஏ.ஏ.சி., எம்.பி.3 மாதிரி சில வகைகள்.

'ஏன், எல்லாத்தையும் புரிஞ்சுக்கிற மாதிரி செஞ்சா குறைஞ்சா போயிடுவாங்க?'ன்னு எனக்கும் கடுப்பு வந்தது. காசு போகுமாம்! அந்தக் காலத்து கோடெக் பலதுக்கும் உரிமக் கட்டணம் இருந்துச்சு. 2012-ல் வந்த ராஸ்பெரி பை நம்ம லேப் செல்லப்பிள்ளையாச்சே... அதுல எம்பெக்-2 படத்தை ஹார்ட்வேர் உதவியோட ஓட்டணும்னா அப்போ தனியா 2.40 பவுண்டு கட்டி ஒரு சாவி எண் வாங்க வேண்டியிருந்துச்சு. மலிவான சாதனத்துல எதைச் சேர்க்கிறது, எதை விடுறதுன்னு கணக்குப் பார்க்காம இருக்க முடியாதுல்ல?

சரி, மறுபடி சமைச்சுட வேண்டியதுதான். எஃப்.எஃப்.எம்பெக்கை இறக்கினேன். 2000-ல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் ஆரம்பிச்ச இலவச சாஃப்ட்வேர். கறுப்புத் திரையில கட்டளை அடிச்சா வேலை செய்யும். ஆச்சி எட்டிப் பார்த்துட்டு, "என்னட்டி, பரீட்சைக்குப் படிக்கியா?"ன்னு கேட்டாங்க. "ஆமா ஆச்சி, உங்க பரீட்சைக்கு"ன்னேன்.

சீப்பு வாங்கலையோ சீப்பு!

முழுசா மாத்தும் முன்னாடி ஒரு நிமிஷத் துண்டை மட்டும் மாத்திப் பார்த்தேன். படம் வந்தது. ஆனா யாராவது கையை அசைச்சா, ஓரத்துல சீப்புப் பல் மாதிரி கோடு கோடா தெரியுது. தாத்தா கை கூப்பினா பத்து விரலும் நாற்பது விரல் ஆகுது!

காரணம் என்னன்னா, பழைய டிவிக்காக எடுத்த வீடியோவில் ஒரு ஃபிரேமை ரெண்டு பாதியா எடுப்பாங்க. ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவை. நம்ம ஊர் பால் முறையில் விநாடிக்கு 25 ஃபிரேம், 50 பாதிகள். ரெண்டு பாதிக்கும் நடுவுல 50-ல் ஒரு பங்கு விநாடி இடைவெளி. அதுக்குள்ள கை நகர்ந்துடும். ரெண்டையும் சேர்த்து ஒரே படமா வெச்சா சீப்பு! கட்டளையில 'யாடிஃப்'னு ஒரு வடிகட்டியைச் சேர்த்ததும் பல்லெல்லாம் கொட்டிப் போச்சு.

அடுத்தது பெரியப்பா. ஆள் கொஞ்சம் ஒல்லியாத் தெரிஞ்சார். கூப்பிட்டுக் காட்டினேன். "இப்படியே விட்டுடும்மா, நல்லாத்தான் இருக்கு"ன்னார். விஷயம் இதுதான்... டி.வி.டி.யில் படம் 720-க்கு 576 புள்ளிகள். ஆனா அந்தப் புள்ளி சதுரம் கிடையாது, கொஞ்சம் அகலம். டிவியில 768-க்கு 576 அளவுல விரியணும். நான் எங்கேயோ பார்த்த ஒரு கட்டளையைக் கண்ணை மூடிக்கிட்டு ஒட்டினதுல, எல்லாப் புள்ளியும் சதுரம்னு ஆகிப்போச்சு. அதைச் சரி பண்ணினதும் பெரியப்பா பழைய உடம்புக்கு வந்துட்டார். அவருக்கு வருத்தம்தான்.

இப்படியே மூணு நாள். கலர் கொஞ்சம் ஏத்தினேன், புள்ளிப் புள்ளியாத் தெரிஞ்சதைக் குறைச்சேன். எல்லாம் என் லேப்டாப்ல, ஹெட்போன் மாட்டிக்கிட்டு. சத்தத்துக்கு மட்டும் ஒரு புத்திசாலித்தனம் பண்ணினேன். 'மறுபடி சுருக்கினா தரம் குறையும். தாத்தா குரல் ஆச்சே... அதைத் தொடாம அப்படியே நகல் எடு'ன்னு கட்டளை கொடுத்தேன். என்னை நானே மெச்சிக்கிட்டேன்.

நாலாம் நாள் காலையில முழுப் படமும் ரெடி. நாலு ஜி.பி.க்கு மேல இருந்தது ஒன்றரை ஜி.பி.க்குள்ள அடங்கிடுச்சு. வி.எல்.சி.யில போட்டுப் பார்த்தேன். படம் பளபள, சத்தம் கணீர். லேப்டாப்ல இடமே இல்லைன்னு சிவப்பு விளக்கு வேற மிரட்டிக்கிட்டு இருந்ததா... பழைய வி.ஓ.பி. ஃபைல் அஞ்சையும், ஷிஃப்ட்டோட சேர்த்து டெலீட் அமுக்கினேன். குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாம, நேரா அம்பேல்!

ஊமைப் படம்

சாயங்காலம். ஆச்சி முகம் கழுவி, திருநீறு பூசி, டிவிக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாச்சு. பெரியப்பா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் ஆஜர். அம்மா போன்ல இருந்து தள்ளினேன். டிவியில தாமரை விரிஞ்சது. உள்ளே தாத்தா! எல்லாரும் "ஏ..."ன்னு கத்தினாங்க.

அப்புறம் ஒரு நிமிஷம் ஆச்சு. ரெண்டு நிமிஷம் ஆச்சு. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்புது, தவில்காரர் கை பறக்குது... பொட்டுச் சத்தம் இல்லை. டிவி வால்யூமை ஏத்தினேன். போன் வால்யூமை ஏத்தினேன். கேபிளை ஆட்டினேன். ஓட்டித் தள்ளி, தாத்தா மைக் பிடிக்கிற இடத்துக்குப் போனேன். தாத்தா வாய் அசையுது. அவ்வளவுதான்.

"படம் நல்லாத்தான் தெரியுது ஆச்சி... முன்னாடியைவிடத் தெளிவு, பாருங்க"ன்னு இழுத்தேன்.

"படம் கெடக்கட்டும். அவுக மொகந்தான் சொவத்துல இருக்கே. சத்தம் எங்கட்டி?"

செருப்பால அடிச்ச மாதிரி இருந்தது. வாசல்லயே என்ன கேட்டாங்க? 'தாத்தா பேசுத கேசட்டு'. பார்க்கிற கேசட்னு சொல்லவே இல்லையே! நான் மூணு நாளா சீப்புப் பல்லையும் பெரியப்பா இடுப்பையும் சரி பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். என்ன வேணும்னு முதல்ல கேளுன்னு சாஃப்ட்வேர் இன்ஜினீயரிங் பேப்பர்ல பதிமூணு மார்க்குக்கு எழுதினவ நானு!

சரி, டிஸ்க்ல இருந்து மறுபடி எடுத்துடலாம்னு டிரைவ்ல போட்டேன். 'கிர்ர்... கிர்ர்... டொக்'. மறுபடி. 'டொக்'. துணியால துடைச்சு, சோப்பு போட்டுக் கழுவி, நிழல்ல காய வெச்சு... 'டொக்'. காலி டிஸ்க்குன்னு சொல்லுது லேப்டாப். முந்தா நாள் கடைசி மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அது எனக்குக் கொடுத்திருக்கு. நான் ஷிஃப்ட் டெலீட் போட்டிருக்கேன்!

ராத்திரி சாப்பிடலை. மொட்டை மாடியில உட்கார்ந்து அழுதேன். தாத்தாவோட கடைசிக் குரலை, பி.இ. படிக்கிற பேத்தி அழிச்சுட்டா. நாளைக்கு எந்த முகத்தோட ஆச்சியைப் பார்க்கிறது?

மணி பதினொண்ணு இருக்கும். அப்பதான் மண்டையில ஒண்ணு உறைச்சது. காலையில வி.எல்.சி.யில சத்தம் கணீர்னு வந்ததே! அந்த ஃபைல் அப்படியேதானே இருக்கு?

ஓடிப் போய் லேப்டாப்பைத் திறந்தேன். ஹெட்போனை மாட்டினேன். தாத்தா பேசினார். அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்தது.

மீடியா இன்ஃபோன்னு ஒரு குட்டி சாஃப்ட்வேர் இருக்கு. ஒரு ஃபைலுக்குள்ள எந்த அடுக்கில் என்ன இருக்குன்னு பிட்டுப் பிட்டு வெச்சிடும். அதுல போட்டுப் பார்த்தேன். கேரியர் எம்.பி.4. படம் ஹெச்.264. சத்தம்... ஏ.சி.3! 'தொடாம நகல் எடு'ன்னு நான் போட்ட அதே புத்திசாலிக் கட்டளைதான் வில்லன். ஏ.சி.3 வந்தா குரோம்காஸ்ட் தானா அதைப் பிரிக்காது. ஹெச்.டி.எம்.ஐ. வழியா டிவிகிட்டயோ ஆம்ப்ளிஃபயர்கிட்டயோ 'நீயே பார்த்துக்கோ'ன்னு தள்ளி விடும். எங்க பழைய டிவிக்கு அந்த பாஷை தெரியாது. வி.எல்.சி.க்கு எல்லா பாஷையும் தெரியும். அதனால லேப்டாப்ல எனக்குச் சந்தேகமே வரலை. குரோம்காஸ்ட் மேலயும் தப்பு இல்லை, டிவி மேலயும் இல்லை. எங்க ஓடணுமோ அங்க ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காத என் மேலதான்.

இதுல வேடிக்கை என்னன்னா, என்னைக் கவுத்த அதே கட்டளைதான் என்னைக் காப்பாத்தியும் விட்டுச்சு. சத்தத்தைத் தொடாம வெச்சதாலதான் டி.வி.டி.யில இருந்த குரல் ஒரு துளிகூட மாறாம அந்த ஃபைலுக்குள்ள பத்திரமா இருந்தது.

இந்தத் தடவை கட்டளை உல்ட்டா. 'படத்தைத் தொடாதே. சத்தத்தை மட்டும் ஏ.ஏ.சி.யா மாத்து.' ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. அவ்வளவுதான் வேலை! முதல்ல ஃபைலை ரெண்டு பென் டிரைவ்ல காப்பி பண்ணினேன், அப்புறம் மாத்தினேன். சூடு கண்ட பூனை ஆச்சே!

47 விநாடி

மறுநாள் காலையில காபியோட போய், "ஆச்சி, வாங்க"ன்னு கூப்பிட்டேன். ஊரைக் கூட்டலை. நானும் அவங்களும் மட்டும். நேரா அந்த இடத்துக்குப் போனேன்.

தாத்தா மைக்கை ஒரு தட்டுத் தட்டினார். தொண்டையைச் செருமினார். வந்தவங்களுக்கெல்லாம் நன்றி சொன்னார். யாரும் சாப்பிடாமப் போயிடாதீங்கன்னார். அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. "இவ்வளவும் பாத்துக்கிட்டது..."ன்னு சொல்லி, ஆச்சி பேரைச் சொன்னார். பேரை மட்டும்தான். பின்னாடி யாரோ சிரிச்சாங்க. தாத்தா மைக்கைக் கொடுத்துட்டுப் போயிட்டார். மறுபடி சினிமாப் பாட்டு.

பேரை இங்க எழுத மாட்டேன். அது அவங்க ரெண்டு பேர் விஷயம்.

"இன்னொரு மட்டம் போடுட்டி"ன்னாங்க. போட்டேன். மூணாவது தடவை முடிஞ்சதும்தான் பேசினாங்க.

"வாழ்நாள் பூரா 'ஏளா'ன்னுதான் கூப்பிட்டாக. அன்னிக்கு மைக்குல என் பேரைச் சொல்லும்போது நான் உள்ள பந்தியில சோறு போட்டுக்கிட்டு நின்னேன். எல்லாரும் வந்து சொன்னாவளே தவிர, நான் காதால கேக்கலட்டி. இதுலதான் கேட்டேன்."

எனக்குப் பேச்சே வரலை.

அந்த 47 விநாடியைத் தனியா வெட்டி அம்மா போன்ல வெச்சிருக்கேன். முழுப் படம் ரெண்டு பென் டிரைவ்லயும் பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டர்லயும் இருக்கு. வி.ஓ.பி. ஃபைல் போனது போனதுதான். நான் மாத்தி வெச்சதுதான் இனிமே எங்க வீட்டு ஒரிஜினல். அந்த உறுத்தல் எனக்கு எப்பவும் இருக்கும்.

உங்க வீட்டு பீரோவிலும் இப்படி ஒரு தட்டு தூங்கிக்கிட்டு இருக்கும். இந்த வாரமே எடுங்க, அதுக்கும் வயசாகிக்கிட்டே இருக்கு. முதல்ல அப்படியே ரெண்டு நகல். ஒரு நிமிஷத் துண்டை மாத்தி, வீட்டு டிவியிலேயே ஓட்டிப் பாருங்க. ஹெச்.264 படம், ஏ.ஏ.சி. சத்தம், எம்.பி.4 கேரியர்... இந்தக் கூட்டணி பெரும்பாலான சாதனங்கள்ல தகராறு பண்ணாது. கறுப்புத் திரை பயமா இருந்தா ஹேண்ட்பிரேக்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, பட்டனைத் தட்டினாப் போதும். பழைய ஃபைலை மட்டும் அழிச்சுடாதீங்க. அதைவிட முக்கியம், யாருக்காகப் பண்றீங்களோ அவங்களுக்கு அதுல என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

போன வாரம் ஆச்சி போன் பண்ணினாங்க. "ஏட்டி, டிவி ஏதோ மக்கர் பண்ணுது. படம் வரல."

பதறிட்டேன். "ஐயோ, அப்புறம் ஆச்சி?"

"அப்புறம் என்ன... சத்தம் வருதுல்லா. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."